அரிசி இருக்கு, அடுப்புத்தான் இல்லை

கொழும்பைப் போல அள்ளிக் கொடுக்கிற ஊர் குறைவு. ஆடிவேல் நாட்களில் செட்டியார் தெருப் பக்கம் போனால் பசியோடு திரும்ப முடியாது. வெசாக் வந்தால் சந்திக்குச் சந்தி தன்சல் என்ற இலவச உணவுப் பந்தல். சோறு, கடலை, மரவள்ளிக்கிழங்கு, ஐஸ்கிரீம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலடியில் வாளியோடு போய் நின்றால், எந்தச் சமயம் என்று கேட்காமல் கஞ்சி ஊற்றுவார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமைகளில் நேர்த்திக்காகச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும் குடும்பங்களை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருப்போம்.

இருந்தும் கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, புளூமெண்டால், கிராண்ட்பாஸ் பக்கத்தில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளிலும் தொடர்மாடிகளிலும் மாதக் கடைசியில் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுக்கிற வீடுகள் இருக்கின்றன. திருவிழா நாளில் மூன்று இடங்களில் சாப்பாடு கிடைக்கும். ஒன்றுமில்லாத ஒரு வியாழக்கிழமையில் கிடைக்காது. பசி அந்த வியாழக்கிழமையில்தான் வருகிறது.

எங்கள் பகுதியில் மாதக் கடைசியில் உலர் உணவுப் பொதி கட்டும் சிறு கூட்டம் ஒன்றோடு நான் சேர்ந்திருக்கிறேன். கோயில்காரர்கள், சேர்ச்காரர்கள், புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர்கள் எல்லோரும் கலந்த கூட்டம். அதில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். கொடுக்க மனமுள்ளவர்கள் இந்த ஊரில் நிறைய. எந்த வீட்டில் உலை வைக்கவில்லை என்று தெரிந்தவர்களும் நிறைய. இந்த இரண்டு பேருக்கும் நடுவில், வருவதை வாங்கி, தரம் பார்த்து, பிரித்து, வருஷம் முழுக்க ஒரே சீராக அனுப்பும் ஒரு களஞ்சியம்தான் எங்கள் பக்கத்தில் இல்லை. உலகத்தின் பல நகரங்களில் உணவு வங்கி என்று நடப்பது அந்த நடு வேலைதான்.

அந்த வேலை தொடங்கிய விதத்தை எங்கள் ஊர் ஆட்கள் தெரிந்துகொள்வது நல்லது. 1960களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகரில், ஜான் வான் ஹெங்கல் என்பவர் வின்சென்ட் டி பவுல் சபை நடத்திய இலவச உணவுக்கூடத்தில் தொண்டு செய்துகொண்டிருந்தார். பிள்ளைகள் நிறைய உள்ள ஒரு தாய், சூப்பர் மார்க்கெட் குப்பைத் தொட்டியில் கிடைக்கிற நல்ல சாமான்களைப் பொறுக்கித்தான் வீட்டை நடத்துகிறேன் என்று அவரிடம் சொன்னார். காசைப் போடவும் எடுக்கவும் வங்கி இருப்பது போல இதற்கும் ஓர் இடம் இருந்தால் நல்லது என்று சொன்னவரும் அந்தத் தாய்தான். வான் ஹெங்கல் தன் பங்குக் கோயிலிடம் கேட்டார். அவர்கள் பழைய பேக்கரிக் கட்டிடம் ஒன்றையும் கொஞ்சப் பணத்தையும் கொடுத்தார்கள். 1967இல் அங்கே தொடங்கிய புனித மரியாள் உணவு வங்கிதான் உலகின் முதல் உணவு வங்கி என்கிறார்கள். முதல் வருஷமே 2,75,000 இறாத்தல் உணவு அங்கிருந்து வெளியே போனது. அந்த உணவை அவர்கள் வீடு வீடாகக் கொண்டு போகவில்லை. ஏற்கெனவே ஏழைகளோடு வேலை செய்துகொண்டிருந்த தொண்டு அமைப்புகளிடம் கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிப் பகுதி. வின்சென்ட் டி பவுல் சபை எங்கள் பங்குகளிலும் இருக்கிறது. அதன் ஆட்கள் ஞாயிறு பூசை முடிந்து வீடு பார்க்கப் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். ஃபீனிக்ஸில் அந்த மாதிரி ஆட்களுக்குப் பின்னால் ஒரு களஞ்சியம் வந்து நின்றது. இங்கே அவர்கள் இன்னும் உண்டியல் காசை எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள்.

சரி, வீட்டை அறிந்தவர்கள் என்று யாரைச் சொல்கிறேன்? முதலில் முடுக்குக்குள் இருக்கிற சில்லறைக் கடை முதலாளி. தினக்கூலிக் குடும்பங்கள் தினமும்தான் சாமான் வாங்கும். நூறு கிராம் பருப்பு, ஒரு சின்னப் பைக்கற்று பால்மா, பாதித் தேங்காய், கால் போத்தல் எண்ணெய். இப்படி வாங்கினால் கிலோ கணக்குக்கு விலை கூட என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. கையில் அவ்வளவுதான் காசு. முதலாளியின் கடன் கொப்பியை ஒரு தடவை புரட்டிப் பார்த்தால் போதும். ஒரு வீட்டுப் பக்கத்தில் முதல் வாரம் அரிசி, பருப்பு, முட்டை என்று எழுதியிருக்கும். அடுத்த வாரம் முட்டை இருக்காது. அதற்கடுத்த வாரம் பாணும் சீனியும் மட்டும். பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்காது. கடன் கேட்க வெட்கப்பட்டு அந்த வீட்டுக்காரர்கள் கடைக்கே வராமல் விட்டிருப்பார்கள். எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்னால் இந்தக் கொப்பிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது.

அடுத்தது, கிளினிக்கிலிருந்து வீடு வீடாக வரும் மிட்வைஃப் மிஸ். பிள்ளையின் நிறை கோட்டுக்குக் கீழே இறங்குவதை வளர்ச்சி அட்டையில் முதலில் பார்ப்பவர் அவர். நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் 1970களிலிருந்து கொடுத்துவரும் திரிபோஷ என்ற சத்துமா, 2022இல் சோளம் கிடைக்காமல் தட்டுப்பட்டபோது, கையில் அட்டையை வைத்துக்கொண்டு கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றவர்களும் அவர்கள்தான். அப்புறம் மரண உதவிச் சங்கம், மகளிர் சீட்டுக் குழு, கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்கிறவர். வெள்ளவத்தையில் ஒரு வயதான தம்பதி, நல்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், தினமும் பகல் பூசைக்கு வந்து பிரசாதத்தைச் சின்ன டப்பாவில் வாங்கிப் போனார்கள். அது பக்தி மட்டுமில்லை என்று கண்டுபிடித்தவர் மடைப்பள்ளி ஐயா. அவர்கள் எந்த வரிசையிலும் வந்து நிற்க மாட்டார்கள். பெயர் கேட்டால் அடுத்த நாளிலிருந்து கோயிலுக்கே வராமல் போய்விடுவார்கள். ஐயா ஒன்றும் கேட்கவில்லை. டப்பாவைக் கொஞ்சம் பெரிதாகக் கொண்டுவரச் சொன்னார்.

எங்கள் கூட்டத்தில் ஓர் அக்கா இருக்கிறார். தொடர்மாடியில் ஐந்தாம் மாடியில் வீடு. சீட்டு நடத்துகிறவர் என்பதால் யார் வீட்டில் என்ன நிலைமை என்று அவருக்குத் தெரியும். பொதி கட்டி முடித்து, பட்டியலைப் பார்த்து நான் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஒரு நாள் அவர் ஒரு பொதியைக் கையால் தள்ளிவைத்தார்.

“தம்பி, அந்த வீட்டுக்கு அரிசி குடுக்காதீங்க. அரிசி இருக்கு, அடுப்புத்தான் இல்லை. பாண் வாங்கிக் குடுங்க, இல்லாட்டி அவிச்ச கடலை ஏதும்.”

2022இன் நடுப்பகுதி அது. 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2021 ஒக்டோபரில் ஒரே தாவலாக 2,750 ஆகி, 2022 ஏப்ரலில் 4,860 ஆகியிருந்தது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வெறும் சிலிண்டர்கள் சங்கிலி போட்டு றோட்டோரம் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தன. பிறகு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனது. கீழே தோட்டத்து வீட்டில் இருப்பவர்கள் வாசலில் மூன்று கல்லை வைத்து விறகு எரித்தார்கள். ஐந்தாம் மாடியில் எங்கே விறகு எரிப்பது? புகை போக வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் விட மாட்டார்கள். எங்கள் பொதியில் இருந்த ஐந்து கிலோ அரிசி அந்த வீட்டில் அரிசியாகவே கிடந்திருக்கும், அல்லது பாதி விலைக்கு விற்றிருப்பார்கள். பட்டியல் எழுதிய எனக்கோ அரிசி அனுப்பிய நல்லவருக்கோ இது தெரிய வழியே இல்லை. பக்கத்துக் கதவில் இருக்கிற அக்காவுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் சமூகச் சமையலறைகள் அவ்வளவு வேகமாகப் பரவியதற்குக் காரணம் அதுதான். ராஜகிரியவில் ஒரு தேவாலயத்தில் தொடங்கியது மற்ற இடங்களுக்கும் பரவியது; கோயில்களும் பள்ளிவாசல்களும் பன்சலைகளும் தங்கள் தங்கள் அளவில் செய்தன. இருநூறு வீட்டில் இருநூறு அடுப்பு எரிவதற்குப் பதிலாக ஒரு பெரிய அண்டாவின் கீழே ஒரு நெருப்பு. சோறு, பருப்பு, ஒரு கீரை, கொஞ்சம் சம்பல். பிள்ளைகள் கோப்பையோடு வருவார்கள். எங்கள் பக்கத்தில் நடந்த சமையலுக்குத் தேங்காய் திருவியவர்களில் பாதிப்பேர் அந்தச் சாப்பாட்டையே எதிர்பார்த்திருந்த தாய்மார். கொடுப்பவர், வாங்குபவர் என்ற கோடு அந்த இடத்தில் தானாகவே அழிந்துபோனது. இதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அந்தக் காலத்தின் கணக்கையும் சொல்ல வேண்டும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது ஒரு வருஷத்தில் சாப்பாட்டு விலை ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாட்டில் 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பில்லாமல் இருக்கிறார்கள் என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் அந்த மாதமே சொல்லின. அடுத்த வருஷம் அது 39 இலட்சமாகக் குறைந்தது. பத்திரிகைகள் நிம்மதியாக எழுதின. பணவீக்கம் குறைந்தால் விலை ஏறுகிற வேகம்தான் குறைகிறது, ஏறிய விலை ஏறியபடியே நிற்கிறது என்பதைப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருடைய கூலி இரண்டு மடங்கு ஆகவில்லை. சமையலறைகளில் பலவும் ஒவ்வொன்றாக மூடிவிட்டன. காசு அனுப்பிய வெளிநாட்டு உறவுகள், நெருக்கடி முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நாட்டுக்குப் பசியைச் சமாளித்த பழைய அனுபவம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு முப்பது வருஷத்துக்கு மேல் நடந்தது. கூப்பன் புத்தகம் இல்லாத வீடு இல்லை. 1953இல் பங்கீட்டு அரிசி கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது; பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலக நேர்ந்தது. 1978இல் கூப்பன் பாதிப் பேருக்கு மட்டும் என்று சுருங்கியது. 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையின் ரூபாய் மதிப்பு அப்படியே நிற்க, சாமான் விலை மட்டும் ஏற, சில வருஷத்தில் அதன் பலம் கரைந்தது. கூப்பன் கடை வரிசையில் கிளார்க்கரும் நின்றார், கூலிக்காரரும் நின்றார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அரிசி நல்ல அரிசியில்லை, புழு இருக்கும் என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த வரிசையில் வெட்கம் இருக்கவில்லை. எல்லோருக்கும் என்றிருந்தது ஏழைக்கு மட்டும் என்று மாறிய நாளில்தான், நான் ஏழை என்று நிரூபிக்கிற வேலை ஏழையின் தலையில் விழுந்தது.

2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசாங்க உதவித்தொகைத் திட்டம் அந்த வேலையை இன்னும் கூட்டியது. 22 குறிகாட்டிகளை வைத்து வீட்டை அளக்கிறார்கள். மின்சாரப் பாவனை முதல் இருக்கிற சாமான் வரை கணக்கில் வருகிறது. தொடர்மாடிக்குக் குடியேற்றப்பட்ட குடும்பத்துக்குச் சீமெந்துச் சுவர் இருக்கிறது, தண்ணீர் பில் வருகிறது, நல்ல காலத்தில் தவணைக்கு வாங்கிய ஒரு ஃபிரிஜ்ஜும் மூலையில் இருக்கிறது. காகிதத்தில் அது ஏழை வீடாகத் தெரியாது. ஃபிரிஜ்ஜைத் திறந்தால் தண்ணீர்ப் போத்தல் மட்டும் இருக்கும். அரசாங்கம் கொடுக்க வேண்டியதை அரசாங்கம்தான் கொடுக்க வேண்டும். எந்த உணவு வங்கியும் அதற்கு ஈடாகாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேன்முறையீட்டுக்குப் பதில் வரும் வரை பிள்ளை சாப்பிட வேண்டுமே.

யாருக்கு என்ன தேவை என்று கிட்ட இருப்பவருக்குத்தான் தெரியும் என்பதைப் பெரிய அமைப்புகளும் பாடுபட்டே கற்றிருக்கின்றன. அமெரிக்க உணவு வங்கிகளின் வலையமைப்பான ஃபீடிங் அமெரிக்கா, நன்கொடையாக வரும் உணவை வெகுகாலம் மையத்திலிருந்தே முறை வைத்துப் பங்கிட்டு வந்தது. உருளைக்கிழங்கு விளைந்து குவிகிற ஐடஹோ மாநிலத்துக்கே உருளைக்கிழங்கு போய்ச் சேர்கிற நிலைமை. 2005இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலரின் துணையோடு முறையை மாற்றினார்கள். ஒவ்வொரு வங்கிக்கும் அதன் பகுதியிலுள்ள ஏழைகளின் அளவுக்கு ஏற்பப் பங்குகள் கொடுத்து, அவற்றை வைத்துத் தங்களுக்கு வேண்டியதை ஏலத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். காசில்லாத பகுதிக்கு அதிகப் பங்கு. எங்கள் அக்கா பொதியைக் கையால் தள்ளிவைத்துச் செய்ததும் இதே காரியம்தான். கொட்டாஞ்சேனைக்கு ஏலமும் கணினியும் வேண்டியதில்லை. மாதப் பொதி கட்டுவதற்கு முன்னால் அக்கா மாதிரி ஆட்களைக் கூட்டி, எந்த வீட்டுக்கு எது வேண்டாம் என்று கேட்டால் போதும். நீரிழிவுக்காரர் வீட்டுக்குச் சீனி வேண்டாம். பல்லில்லாத பாட்டிக்குக் கடலை வேண்டாம். இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், பொதிகள் ஒன்று போல ஒன்று இருப்பதில்லை.

உணவு எங்கிருந்து வரும்? 2022இல் மட்டும் உலகம் முழுக்க 105 கோடி தொன் உணவு வீணானது என்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் கணக்கிட்டது. கொழும்பு அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. பேலியகொடைக்குப் போன மெனிங் சந்தையில் விடியற்காலை நின்று பாருங்கள். நுவரெலியாவிலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் சாக்கில் அடைத்து, லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வரும் தக்காளி, லீக்ஸ், கோவாவில் நசுங்கியது எல்லாம் ஒரு பக்கம் தள்ளப்படும். வெயில் ஏறுவதற்குள் யாராவது பிரித்தால் பாதிக்குப் பாதி நல்லதாக இருக்கும். பிரிக்க ஆளும் வைக்க இடமும் இல்லாததால் அது குப்பைக்குப் போகிறது. குப்பை போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்களும் எங்கள் ஆட்கள்தான். 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த மேட்டில் பெரும் பங்கு, ஒரு காலத்தில் சாப்பாடாக இருந்தது.

கலியாண மண்டபத்திலும் ஹோட்டலிலும் மிஞ்சுகிற சமைத்த சாப்பாடு இன்னொரு வழி. தமிழ்நாட்டில் 2014இல் கோயம்புத்தூரில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பு மண்டபங்களிலிருந்து அப்படி எடுத்துக் கொடுக்கிறது. சென்னை பெசன்ட் நகரில் 2017இல் ‘அய்யமிட்டு உண்’ என்று ஒரு பொதுக் குளிர்பெட்டியே வைத்தார்கள். கொழும்பிலும் இளம் பிள்ளைகள் இரவில் போய்ப் பார்சல் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். கும்பிட வேண்டிய வேலை. ஆனால் இது பயந்து செய்ய வேண்டிய வேலையும்கூட. எங்கள் வெக்கையில் சமைத்த சோறு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே கிடந்தால் அதில் கிருமி பெருகும். திரும்பச் சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. மீந்ததை நல்ல நோக்கத்தோடு கொடுத்து ஒரு பிள்ளைக்கு வாந்தி வந்தால் வழக்கு வருமோ என்று ஹோட்டல்காரர்கள் பயப்படுகிறார்கள், அதனால் கொட்டுகிறார்கள். அமெரிக்கா 1996இல் நல்லெண்ணத்தோடு கொடுப்பவரைப் பாதுகாக்கச் சட்டம் போட்டது. பிரான்ஸ் 2016இல் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் விற்காத உணவை அழிப்பதைத் தடுத்தது. சட்டத்தோடு குளிரூட்டிய வண்டியும், வாங்கிய நேரம் எழுதுகிற கொப்பியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வையும் சேர்ந்தால்தான் இந்த வழி திறக்கும். அதுவரை உலர் சாமானும் பச்சை மரக்கறியும்தான் எங்கள் கைக்கு எட்டும்.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பொதி வாங்கும் தாயைப் படம் பிடிக்கக் கூடாது. பெரிய தொகை கொடுத்த ஒருவர், பொதியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்கச் சொல்லிப் படம் கேட்டார். அக்கா மரியாதையாகவே, “ஐயா, இதுகளின்ட பிள்ளைகள் உங்கட பிள்ளைகளோட ஒரே பள்ளிக்கூடம் போறதுகள்” என்றார். அவர் அதற்குப் பிறகும் கொடுக்கிறார், படம் கேட்பதில்லை. கணக்கு வேண்டுமென்றால் பில் இருக்கிறது, எடை எழுதிய கொப்பி இருக்கிறது, எத்தனை வீடு என்ற எண்ணிக்கை இருக்கிறது. முகம் வேண்டியதில்லை.

இப்போதைக்கு எங்கள் சாமான் ஒரு மண்டபத்தின் மேடைக்குப் பின்னால் கிடக்கிறது. அங்கே ஏதும் நிகழ்ச்சி வந்தால் எல்லாவற்றையும் தூக்கி ஆட்களின் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துத் திரும்பக் கொண்டுவருகிறோம். எலிக்குப் பயந்து பருப்பையும் மாவையும் பிளாஸ்டிக் பீப்பாவில் போட்டு மூடுகிறோம். ஒரு வியாபாரி மொத்தமாகக் கௌபி தரத் தயாராக இருந்தும் வைக்க இடமில்லாமல் பாதியைத்தான் வாங்க முடிந்தது. லொறி வந்து திரும்பக்கூடிய றோட்டில், கீழ்மாடியில், சீமெந்துத் தரையும் பூட்டும் உள்ள அறை ஒன்று போதும். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி எங்கே இருந்தாலும் பரவாயில்லை. பழைய களஞ்சியம், மூடிக் கிடக்கும் அச்சகம், பாவிக்காத பாடசாலை மண்டபம் என்று உங்களுக்குத் தெரிந்த இடம் இருக்கும். உங்கள் பகுதியில் உள்ள கோயிலிலோ பள்ளிவாசலிலோ சேர்ச்சிலோ மகளிர் சங்கத்திலோ இதைப் பற்றிக் கதையுங்கள்.

சாமான் கொடுக்க நினைப்பவர்கள் மாதத்தின் 20ஆம் திகதிக்குப் பிறகு கொடுத்தால் உதவி. பருப்பு, நெத்தலி, சோயா மீட், கௌபி, தேங்காய் எண்ணெய் வேண்டும். சீனி போதுமான அளவு வருகிறது. காலாவதித் திகதிக்கு இரண்டு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். அடுப்பு இல்லாத வீடுகள் இன்னும் பட்டியலில் இருக்கின்றன, அவர்களுக்கு அவல், பிஸ்கட், டின் மீன், பேரீச்சம்பழம்.